தார் ஷீட் எத்தனை எம்எம் என்று மட்டும் கேட்காதீர்கள்

ஐப்பசி பிறந்து இரண்டு மழை பெய்தால் போதும், புகார் வரத் தொடங்கிவிடும். "போன வருஷம்தான் சார் மாடிக்கு நாலு எம்எம் ஷீட் ஒட்டினோம், மறுபடியும் ஹால் சீலிங்ல ஓதம் அடிக்குது." ஏபிபி ஷீட்டா, எஸ்பிஎஸ் ஷீட்டா? தெரியாது, நாலு எம்எம். உள்ளே பாலியஸ்டரா, கண்ணாடி இழையா? தெரியாது, நாலு எம்எம். ரசீதிலும் "4 எம்எம் தார் ஷீட், லேபருடன்" என்று ஒரே வரி. லட்சக்கணக்கில் செலவழித்து வீடு கட்டுபவர்கள், அந்த வீட்டைக் காக்கும் பொருளைப் பற்றி இந்த ஒரு எண்ணை மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். இந்தப் பருவத்திலும் இதே கதைதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

தடிமன் என்பது எவ்வளவு பொருள் இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். அது என்ன பொருள் என்பதைச் சொல்லாது. தார் ஷீட் என்று நாம் சொல்லும் பிட்டுமென் ஷீட்டின் ஆயுளை முடிவு செய்பவை இரண்டு: பிட்டுமெனில் கலந்திருக்கும் பாலிமர், நடுவே ஓடும் துணி. எம்எம் மூன்றாவது இடத்தில்தான் வருகிறது.

முதலில் பாலிமர். சாலை போடப் பயன்படும் விஜி 30 பிட்டுமெனின் இளகுநிலைக்கு, அதாவது அது மென்மையாகி இளகும் வெப்பநிலைக்கு, நம் தரநிலை வைத்திருக்கும் கீழ்வரம்பு 47 டிகிரி செல்சியஸ். காற்றூதிப் பதப்படுத்திய 85/25 வகை 85 டிகிரியை ஒட்டி இளகும். கத்திரி வெயிலில் கருப்பு மொட்டைமாடியின் மேற்பரப்பு 70 டிகிரியைத் தொடும் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். பாலிமர் இல்லாத ஷீட் கைப்பிடிச் சுவரில் ஏன் மெல்லச் சரிந்து இறங்குகிறது என்பது அப்போது புரியும். பிட்டுமெனோடு ஏபிபி என்ற பாலிப்ரொப்பிலீன் வகைப் பாலிமரைப் போதிய அளவு கலந்தால் இளகுநிலை 150 டிகிரியை ஒட்டிப் போய்விடும். எஸ்பிஎஸ் என்ற ரப்பர் வகையைக் கலந்தால் 100 டிகிரிக்கு மேல் நிற்கும். கூடவே இழுத்து விட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பும் குணமும் வரும். ஏபிபிக்கு அந்தத் திரும்பும் குணம் குறைவு. ஆனால் வெப்பத்தையும் வெயிலையும் அதுதான் கூடுதலாகத் தாங்கும்.

ஆகவே சென்னை, திருச்சி, மதுரை, வேலூர் போன்ற ஊர்களின் மொட்டைமாடிக்கு ஏபிபி. நிலத்தடி அறைச் சுவர், அஸ்திவாரம், அதிர்வுள்ள இடங்கள், மேலே கான்கிரீட்டோ ஓடோ வந்து மூடப்போகும் இடங்கள் என்றால் எஸ்பிஎஸ் நன்றாக வேலை செய்யும். உறைபனி விழும் உதகையிலும் எஸ்பிஎஸ்தான் பொருத்தம். குளிரில் அது விறைப்பதில்லை. "மைனஸ் 20 டிகிரியிலும் வளையும்" என்று விளம்பரத்தில் போட்டிருப்பதைப் பார்த்துச் சென்னைக்காரர் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

இப்போது துணிக்கு வருகிறேன். அதிகப் பணம் வீணாவது இங்கேதான்.

ஷீட்டின் நடுவே ஒன்று நெய்யாத பாலியஸ்டர் துணி இருக்கும், இல்லையென்றால் கண்ணாடி இழை விரிப்பு இருக்கும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே கருப்பு. பாலியஸ்டர் ஷீட் அறுவதற்கு முன் 35 முதல் 50 சதவீதம் வரை நீளும். கண்ணாடி இழை ஷீட் 2 முதல் 4 சதவீதத்திலேயே அறுந்துவிடும். உங்கள் தளம் அசையவே அசையாது என்று நினைக்காதீர்கள். 10 மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் தளம், வெப்பநிலை 30 டிகிரி மாறினால் ஏறக்குறைய 3 மி.மீ. நீண்டு சுருங்கும். நண்பகல் வெயிலில் காய்ந்து கிடந்த மாடியில் மாலை மழை கொட்டினால் இந்த மாற்றம் சீக்கிரமே நடந்துவிடும். அசைவு தளம் முழுவதும் சமமாகப் பரவினால் தொல்லையில்லை. ஆனால் அது ஏற்கெனவே உள்ள விரிசலிலும், தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையிலும் போய்க் குவிகிறது. அங்கே இழுபடுவது முழு ஷீட் அல்ல. விரிசலுக்கு நேர் மேலே உள்ள சில மில்லிமீட்டர் அகலம் மட்டும்தான். மற்ற இடமெல்லாம் தளத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதே! அந்தச் சிறிய இடத்தில் 4 சதவீத நீட்சி எதற்குக் காணும்? 4 எம்எம் கண்ணாடி இழை ஷீட் அறுந்துபோகும் விரிசலில் 3 எம்எம் பாலியஸ்டர் ஷீட் தாக்குப்பிடிக்கும். எம்எம் பெரிது என்பதற்காக முன்னதை வாங்கினால், காசைக் கூடக் கொடுத்து ஒழுகலையும் வாங்குகிறீர்கள்.

கண்ணாடி இழை கெட்ட பொருள் என்று சொல்லவில்லை. அது சுருங்காது, வடிவம் மாறாது. இரண்டு அடுக்காக ஒட்டும்போது கீழ் அடுக்குக்கு அது சரியான பொருள். ஒற்றை அடுக்கில் வீட்டு மாடி முழுவதையும் அதை நம்பி விடக்கூடாது, அவ்வளவுதான். கொட்டேஷனில் "ஏபிபி, பாலியஸ்டர் துணி, சதுர மீட்டருக்கு 180 கிராம்" என்று எழுதி வாங்குங்கள். தரநிலை எண்ணும் கேளுங்கள். பாலியஸ்டர் போட்ட ஏபிபிக்கு அமெரிக்கத் தரநிலையான ஏஎஸ்டிஎம் டி 6222, எஸ்பிஎஸ்ஸுக்கு டி 6164. ஐஎஸ் 1322 என்ற இந்தியத் தரநிலை, பிட்டுமெனில் தோய்த்த பழைய வகை ஃபெல்ட் விரிப்புக்கானது. அதை மட்டும் காட்டினால் ஏபிபி ஷீட்டுக்கான கேள்விக்கு அது பதிலாகாது.

இன்னொரு ஏமாற்றம் எடையில் இருக்கிறது. பாலிமர் விலை அதிகம், சுண்ணாம்புக்கல் தூள் விலை குறைவு. தூளை அள்ளிக் கலந்தால் ஷீட் கனக்கும். "தூக்கிப் பாருங்க சார், எவ்வளவு வெயிட்டு" என்பார்கள். தூள் மிகுந்த ஷீட் காலைக் குளிர்ச்சியில் மடித்தால் மடிப்பில் மயிரிழை போல் வெடிக்கும். ரோல் வந்து இறங்கியதும் ஒரு துண்டு வெட்டி மடித்துப் பாருங்கள். பிறகு கிழித்தும் பாருங்கள். பாலியஸ்டர் நார்நாராக இழுபட்டு அடம்பிடிக்கும், கண்ணாடி இழை படக்கென்று விட்டுவிடும். ஐந்து நிமிட வேலை இது.

தடிமனுக்கும் ஒரு கீழ்வரம்பு உண்டு, அதை மறுக்கவில்லை. தீயில் உருக்கி ஒட்டும் ஷீட் 3 எம்எம்முக்குக் கீழே போகக்கூடாது. துணிக்கு அடியில் உருகி ஒட்டுவதற்குப் போதிய பிட்டுமென் வேண்டும். 2 எம்எம்மில் கேஸ் டார்ச்சின் தீ பட்டதும் துணியே கருகிவிடும்.

மேல்முகம் பற்றிச் சுருக்கமாக. மணல் தூவியதும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் போட்டதும் மூடப்படும் இடத்துக்கானவை. அவற்றை வெயிலில் அப்படியே விட்டால் பிட்டுமென் காய்ந்து, வறண்ட ஏரியின் வண்டல் போலப் பாளம் பாளமாக வெடிக்கும். வெயில்படும் இடத்துக்குக் கல்துகள் பதித்த ஷீட் வேண்டும். அலுமினியத் தகடு போட்டது வெயிலைத் திருப்பி அனுப்பும், ஆனால் ஆள் நடமாட்டம் தாங்காது. துணி காயப்போடும் மாடியில் அதை ஒட்டாதீர்கள்.

தானாக ஒட்டும் 1.5 எம்எம் ஷீட் தனி வகை. அடியில் உரித்தெடுக்கும் தாள், மேலே வலுவான பிளாஸ்டிக் படலம், நடுவே ரப்பர் கலந்த பிட்டுமென். அஸ்திவாரத்துக்கும், குளியலறையின் தாழ்த்திய தளத்துக்கும் ஏற்றது. குளியலறைக்குள், ஷீட்டுக்கு முன் தளத்தில் அடிக்கும் பிரைமர் திரவத்தின் ஆவி நிறைந்திருக்க, கேஸ் டார்ச் கொளுத்துபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். ஷீட்டை விட ஆள் முக்கியம். பிவிசி குழாய் ஏறும் இடங்களிலும் தீ வேண்டாம், குழாய் நெளிந்துவிடும்.

ஒட்டும்போது

நல்ல ஷீட்டும் ஈரத் தளத்தில் ஒட்டாது. ஒட்டியதுபோல் இருக்கும், முதல் கோடையில் உள்ளே உள்ள நீர் ஆவியாகிக் கொப்புளமாகக் கிளம்பும். அதனால்தான் இந்த வேலையைப் பிப்ரவரி முதல் மே வரை செய்யுங்கள் என்று கெஞ்சுகிறோம். மழை தொடங்கிய பிறகு பதறியடித்து ஒட்டும் ஷீட் ஈரத்தை உள்ளே பூட்டுகிறது. சந்தேகம் இருந்தால் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுத் தளத்தில் ஒட்டி, 16 மணி நேரம் விட்டு எடுங்கள். அடியில் நீர்த்துளியோ கறுத்த ஈரத்தடமோ இருந்தால் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

பழைய வீடுகளில் இது இன்னும் மோசம். மாடியில் பதித்த தட்டோட்டுக்கு அடியில் உள்ள செங்கல் ஜல்லி, சுண்ணாம்புப் படை நிறைய நீரைக் குடித்து வைத்திருக்கும். அதன் மேலேயே ஷீட் ஒட்டினால் மேலிருந்து வரும் மழை நிற்கும், ஏற்கெனவே உள்ளே நிற்கும் நீர் சீலிங் வழியாகத்தான் இறங்கும். "ஷீட் ஒட்டிய பிறகும் ஒழுகுகிறது" என்பதில் கணிசமான பங்கு இதுதான். படையைப் பெயர்த்தெடுத்து, கான்கிரீட்டைச் சுத்தம் செய்து, 100-க்கு 1-க்குக் குறையாமல் வாட்டம் கொடுத்து, காயவிட்டு, அதன் மேல் ஒட்டுவதே சரி. சீலிங்கின் அடிப்பக்கம் ஒட்டித் தரச் சொல்லிக் கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: நீர் அழுத்தும் பக்கத்தில்தான் ஷீட் இருக்க வேண்டும், எதிர்ப்பக்கம் ஒட்டினால் நீரே தள்ளிப் பிரித்துவிடும்.

தூசு துளியும் இல்லாமல் பெருக்கி, லிட்டருக்கு 4 முதல் 5 சதுர மீட்டர் கணக்கில் பிரைமர் அடித்து, விரலில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகே ஷீட். மழைநீர்க் குழாய் வாயில் தொடங்கி மேட்டை நோக்கிப் போக வேண்டும், மேல் ஷீட் கீழ் ஷீட்டின் மேல் ஏற வேண்டும். பக்கவாட்டில் 10 செ.மீ., முனையில் 15 செ.மீ. ஓவர்லேப். இணைப்பின் ஓரத்தில் உருகிய பிட்டுமென் ஒரு மெல்லிய வரியாகப் பிதுங்கி நிற்க வேண்டும். அது தெரியாத இடத்தில் கரணை முனையைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் அந்த இணைப்பு சேரவில்லை. கல்துகள் ஷீட்டின் முனை இணைப்பில், கீழ் ஷீட்டின் துகளைச் சூடாக்கி பிட்டுமெனுக்குள் அமுக்கிய பிறகே மேல் ஷீட்டை ஏற்ற வேண்டும். பல பேர் இதைச் செய்வதே இல்லை.

கைப்பிடிச் சுவர் மூலையில் 5 செ.மீ. சாய்வாகக் கலவை கட்டாமல் ஷீட்டைச் செங்குத்தாக மடிக்க விடாதீர்கள். சுவரில் 30 செ.மீ. ஏற்றி, முனையைச் சுவரில் வெட்டிய காடிக்குள் செருகிக் கலவையால் மூட வேண்டும். வெறுமனே பூச்சின் மேல் ஒட்டி நிறுத்தினால் ஒரு வருடத்தில் வாய் பிளக்கும், மழை சுவரோடு வழிந்து ஷீட்டுக்கு அடியிலேயே போய்ச் சேரும்.

வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று அறிய, ரோல்களை எண்ணுங்கள். 1 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம் உள்ள ரோல் காகிதத்தில் 10 சதுர மீட்டர். ஓவர்லேப் போக 8.9 சதுர மீட்டருக்குத்தான் வரும். 1000 சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். தளத்துக்கு 11 ரோல், சுற்றுச்சுவர் மடிப்புக்கு இன்னும் 2 ரோல், ஆகக் குறைந்தது 13. பத்து ரோலோடு வந்து வேலையை முடித்துவிட்டேன் என்பவர் எங்கே மிச்சம் பிடித்தார்? ஓவர்லேப்பிலும் சுவர் மடிப்பிலும்தான், அதாவது ஒழுகும் இடங்களில். ரோல்களை நிற்க வைத்து, நிழலில் வைக்கச் சொல்லுங்கள்; படுக்கப்போட்டு அடுக்கினால் நசுங்கி ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டி முடித்ததும் குழாய் வாயை அடைத்து 48 மணி நேரம் நீர் கட்டிப் பாருங்கள். அதற்கு முன் ஓடு பதிக்க ஒருவரையும் விடாதீர்கள். கருப்பு ஷீட்டின் மேல் நேரடியாக ஓடு ஒட்டவும் கூடாது; ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்து, 4 முதல் 5 செ.மீ. கலவைத் தளம் போட்டு, அதன் மேல்தான் ஓடு.

பிறகு வருபவர்களிடமும் கவனம் தேவை. சோலார் பேனல் கால், டிஷ் ஆன்டெனா, தண்ணீர்த் தொட்டித் தாங்கி என்று ஒவ்வொருவரும் ஒரு போல்ட் துளை போட்டுவிட்டுப் போவார்கள். கான்கிரீட் பீடம் கட்டி அதில் பொருத்தச் சொல்லுங்கள். ஜெனரேட்டர் இருந்தால் அடியில் தட்டு வையுங்கள், டீசல் பிட்டுமெனைக் கரைக்கும். மண் கொட்டி மாடித் தோட்டம் போடுவதாக இருந்தால் வேர் துளைக்காத வகை ஷீட்டை முதலிலேயே கேட்டு வாங்குங்கள். சாதாரண ஷீட்டின் இணைப்புகளுக்குள் வேர் புகுந்துவிடும், அப்போது மண்ணையெல்லாம் அள்ளாமல் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க வழியில்லை.