அணுக் குடும்பம் அல்ல, கருக்குடும்பம்

கடலூரில் எந்த மேடையில் குடும்பத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும், "அணுக் குடும்பங்கள் பெருகிவிட்டன" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. சொல்லும் தவறு, அது பரப்பும் பொருளும் தவறு.

தாய், தந்தை, பிள்ளைகள் மட்டும் வாழும் குடும்பத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் அது 'நியூக்ளியர் ஃபேமிலி'. லத்தீனில் 'நக்ஸ்' என்றால் கொட்டை. 'நியூக்ளியஸ்' அதன் உள்ளிருக்கும் பருப்பு. முந்திரி உடைக்கும் பண்ருட்டிக்காரருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்கள் பழக்கொட்டையைச் சொல்லும் 'நுவாயோ'வும் அதே வேர்தான்.

இயற்பியலில் நியூக்ளியஸை 'அணுக்கரு' என்கிறோம். மொழிபெயர்த்தவர் அதிலிருந்து கருவை விட்டுவிட்டு அணுவை எடுத்துக்கொண்டார். விளைவைப் பாருங்கள்: அணு என்றதும் துகள், பிளவு, சிதறல் என்றே மனம் ஓடுகிறது. குடும்பம் பொடிப்பொடியாகிவிட்டது என்ற புலம்பல் அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. மானிடவியலாளர் ஜார்ஜ் பீட்டர் மர்டாக் 1949இல் இந்தச் சொல்லை விளக்கியபோது பிளவைப் பேசவில்லை. தாய், தந்தை, அவர்கள் பிள்ளைகள் என்ற கரு பெரிய குடும்பங்களுக்கும் அடிப்படை என்றார். அதாவது, மூன்று தலைமுறை சேர்ந்து வாழும் வீட்டுக்குள்ளும் அந்தக் கரு இருக்கிறது. ஆகவே 'கருக்குடும்பம்' என்பதே சரி. கரு என்றால் வயிற்றுப்பிள்ளை நினைவு வருமே என்கிறார்கள். கதையின் கரு, முட்டையின் கரு என்றெல்லாம் சொல்கையில் யாருக்கும் குழப்பம் வருவதில்லையே!

இதற்கே வழங்கும் இன்னொரு சொல்லான 'தனிக்குடும்பம்' இவ்வளவு மோசமில்லை. ஆனால் நம் மக்களிடம் அதைவிடத் துல்லியமான சொல் முன்பே இருக்கிறது: தனிக்குடித்தனம். 'குடி' பழந்தமிழ்ச் சொல். 'தனம்' நிலையைக் குறிக்கும் ஈறு. இதில் கணக்கு ஆட்களை வைத்தல்ல, அடுப்பை வைத்து. "தனியா அடுப்பு வெச்சிட்டாங்க" என்றாலே போதும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் ஒரே சமையலறையில் உண்பவர்களையே ஒரு குடித்தனமாக எண்ணுகிறது. குடும்ப அட்டை பிரித்து வாங்கவும் தனிச் சமையலறை வேண்டும். புதுச்சேரியில் மாடியில் மகனும் கீழே பெற்றோரும் வாழும் வீடுகள் எத்தனை! வாசல் ஒன்று, அடுப்பு இரண்டு. காய்ச்சல் வந்தால் கஞ்சி கீழிருந்துதான் மேலே போகிறது. இதை 'அணு' என்பவர் அந்த வீட்டுப் படியேறிப் பார்த்ததில்லை. நெய்வேலி நகரியத்தின் வட்டங்களில் வேலைக்காகக் குடியேறியவர்களும் பொங்கலுக்கு ஊருக்குப் போய்க் குடும்பத்தோடு கூடுகிறவர்கள்தான். பிரிந்தது குடித்தனம், குடும்பமல்ல.

ஆய்வுக் கட்டுரைக்குக் கருக்குடும்பம், பேச்சுக்குத் தனிக்குடித்தனம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆங்கிலத்தின் 'சிங்கிள் பேரன்ட்' என்பதற்கு இதே அவசரத்தில் பிறந்ததுதான் 'ஒற்றைப் பெற்றோர்'. பெற்றோர் என்றாலே நமக்குத் தாயும் தந்தையும். அதற்கு முன்னால் 'ஒற்றை' எப்படி நிற்கும்? தனித்தாய், தனித்தந்தை என்று எழுதுவதில் மொழிபெயர்ப்பாளர்களுக்கு என்ன சிரமம்?