பழைய பிளாஸ்டிக்கில் பள்ளி பெஞ்ச்: விதி தரும் சலுகையும் வாங்கும்போது பார்க்க வேண்டியதும்

கழிவு பிளாஸ்டிக்கில் பெஞ்ச், டெஸ்க் செய்து தருகிறோம் என்று ஒரு பட்டறை வந்தால், விலை பேசுவதற்கு முன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பதிவுச் சான்றைக் கேளுங்கள். விலை குறைய வழி இருக்கிறதா என்பது அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-இல் வந்தன. பாட்டில், கவர் போன்ற பிளாஸ்டிக் உறையில் பொருள் விற்கும் நிறுவனமே அந்த உறைக் கழிவுக்கும் பொறுப்பு என்ற இ.பி.ஆர். வழிகாட்டுதல்கள் 2022 பிப்ரவரியில் சேர்ந்தன. மத்திய வாரியத்தின் இணையதளம் வழியாகப் பதிவு செய்த பட்டறைக்கு, மறுசுழற்சி செய்த எடைக்குச் சான்றிதழ் கிடைக்கும். உறையில் பொருள் விற்கும் நிறுவனங்கள் தங்கள் மறுசுழற்சி இலக்கை எட்ட அதைப் பணம் கொடுத்து வாங்கும். பாட்டில் போன்ற கெட்டியான உறைகளுக்கான மறுசுழற்சி இலக்கு 2024-25-இல் 50 விழுக்காடு, 2027-28-இல் 80. ஆகவே சான்றிதழின் தேவை கூடும். அந்த வருமானம்தான் பெஞ்சின் விலையைக் குறைக்க உதவும்.

பலரும் தவறவிடுவது ஒன்று: கணக்கில் சேர்வது உறைக் கழிவு மட்டுமே. உடைந்த வாளியையும் நாற்காலியையும் தாராளமாக உருக்கலாம், ஆனால் சான்றிதழ் கிடையாது. அந்த உறைகளையும் விதி வகை பிரிக்கிறது: ஷாம்பு பாட்டில் முதல் வகை, பால் கவர் 2-ஆம் வகை, அலுமினியத் தாள் ஒட்டிய பல அடுக்கு உறை 3-ஆம் வகை. பட்டறை கழிவை வாங்கும்போதே தனித்தனியாக எடை போட்டு ரசீது வைக்க வேண்டும். அரைத்துக் கலந்த பிறகு எந்த வகை எத்தனை கிலோ என்று காட்ட முடியாது.

பள்ளியும் தன் கழிவைத் தரம் பிரித்தே கொடுக்க வேண்டும். அதைச் சேகரித்து, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பது உள்ளாட்சியின் கடமை.

தரம் பிரிப்பில் கோட்டை விட்டால் பெஞ்ச் உடையும். ஷாம்பு பாட்டில் போன்றவற்றின் எச்.டி.பி.இ. (கெட்டியான பாலிஎத்திலீன்) 130 டிகிரி செல்சியஸ் அளவில் உருகும். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) என்ற பிளாஸ்டிக் உருக ஏறக்குறைய 250 வேண்டும். கலந்தால் பெட் துணுக்குகள் உருகாமல் நிற்கும், விரிசல் அங்கேதான் தொடங்கும். அரைத்த துண்டுகளைத் தண்ணீரில் போட்டால் பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும், பெட்டும் பி.வி.சி.யும் மூழ்கும். மூழ்கியதை அச்சில் சேர்க்கவே கூடாது. பி.வி.சி. அதிகச் சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் கக்கும், வேலை செய்பவரின் நுரையீரலுக்குக் கேடு.

பலகையில் ஒரு துண்டை அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். சரியாகக் காயாத துண்டுகளை உருக்கியிருந்தால் உள்ளே குமிழ் குமிழாக ஓட்டை தெரியும், அதை வாங்காதீர்கள். பாலிஎத்திலீன் பலகை எடையில் மெல்ல மெல்லத் தொய்யும், அதனால் இரும்புச் சட்டமும் நடுத் தாங்கலும் கட்டாயம். 20 டிகிரி சூடு ஏறினால் ஒரு மீட்டர் பலகை 2 முதல் 4 மி.மீ. வரை நீளும். போல்ட் துளையை நீள்வட்டமாக எடுக்கும்படி ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். வட்டத் துளையில் இறுக்கி முடுக்கினால் பலகை வளையும், அல்லது துளையோரம் வெடிக்கும்.