தலைவலியை மறைத்துக்கொண்டு கணவாய் ஏறாதீர்கள்

போன வாரம் கிளினிக்குக்கு வந்த தம்பிக்கு வயது 34. மாரத்தான் ஓடுபவர். சிங்கப்பூர் தேசியச் சேவையாளர்களுக்கான உடற்தகுதித் தேர்வான ஐபிபிடியில் எப்போதும் தங்கம். நேப்பாளத்தில் அன்னபூர்ணா சுற்றுப்பாதையில், 5,416 மீட்டர் உயரத்தில் இருக்கும் தோரோங் லா கணவாயைக் கடக்கப் போயிருந்தார். கணவாய்க்கு முந்தின இரவு குடித்தவர் போலத் தள்ளாடியவரை, வழிகாட்டியும் நண்பரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி இருட்டில் கீழே இறக்கியிருக்கிறார்கள். இப்போது நலமாக இருக்கிறார். அடுத்த முறை கொண்டுபோகப் பனடோலைவிட வலுவான தலைவலி மாத்திரை வேண்டும் என்றுதான் என்னிடம் வந்தார்.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. இந்த ஆண்டு மலையில் உடம்புக்கு முடியாமல் போய் என்னிடம் வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். நான்கு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: "எனக்கு ஸ்டெமினா நல்லா இருக்கு டாக்டர், எப்படி வந்துச்சுன்னே தெரியல."

உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் வரும் மலைநோயை ஸ்டெமினா தடுக்காது. 15 கிலோ பையைச் சுமந்து வீவக அடுக்குமாடி புளோக்கில் 25 மாடி ஏறி இறங்குகிறீர்கள், வாரந்தோறும் புக்கிட் தீமா குன்றுக்குப் போகிறீர்கள். நல்லது, விடாமல் செய்யுங்கள். கால் வலுவாகும், முழங்கால் தாங்கும். ஆனால் புக்கிட் தீமா உச்சி 164 மீட்டர்கூட இல்லை. அங்கே நீங்கள் சுவாசிப்பது கீழே நகரத்தில், தேக்காவில் சுவாசிக்கும் அதே காற்று. தோரோங் லாவில் காற்றழுத்தம் ஏறக்குறைய பாதி. அதற்குப் பழக உடம்புக்கு நாட்கள் வேண்டும். மாரத்தான் ஓடுபவருக்கும் அதே நாட்கள்தான், ஓடாதவருக்கும் அதே நாட்கள்தான். சொல்லப்போனால் உடல்வலு உள்ளவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். அவர்கள் வேகமாக ஏறிவிடுகிறார்கள். தலை வலித்தால் கூட வந்தவர்களிடம் சொல்வதும் இல்லை.

"கினபாலு ஏறியிருக்கேன், ஒன்னும் ஆகல" என்பார்கள். மலேசியாவின் சபாவில் இருக்கும் கினபாலு மலை 4,095 மீட்டர். உச்சியைத் தொட்ட அன்றே இறங்கிவிடுகிறோம், 4,000 மீட்டருக்கு மேல் ஓர் இரவுகூடத் தூங்குவதில்லை. நான் முதலில் கேட்பது எவ்வளவு உயரம் ஏறினீர்கள் என்பதை அல்ல, எந்த உயரத்தில் தூங்கினீர்கள் என்பதைத்தான்.

இந்தத் தம்பி 760 மீட்டரில் இருக்கும் பெசிசஹாரிலிருந்து ஜீப்பிலேயே 3,540 மீட்டரில் இருக்கும் மனாங்குக்குப் போய்விட்டார். அங்கே ஒரே இரவு. தலைவலி அன்றே ஆரம்பித்துவிட்டது. மாத்திரை போட்டுக்கொண்டு மறுநாள் ஏறியிருக்கிறார். மனாங்கில் நடைப்பயணப் பருவத்தில் இமயமலை மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் இயங்குகிறது. போகிறவர்களுக்கு மலைநோய் பற்றி விளக்கவும் செய்கிறார்கள். அதன் வாசலைத் தாண்டித்தான் போயிருக்கிறார்.

2,500 மீட்டருக்கு மேல் தலைவலியோடு குமட்டலோ பசியின்மையோ வழக்கமில்லாத அசதியோ வந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அது மலைநோய். ஏறாதீர்கள், அங்கேயே தங்குங்கள். குறையவில்லையா, இறங்குங்கள். ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரல் நுனியோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பாருங்கள். தள்ளாடினால் மூளையில் வீக்கம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர். இரண்டுக்கும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, துணையோடு உடனே இறக்க வேண்டும்.

3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் அதே இடத்தில் தங்குங்கள். விடுதியில் தரும் பூண்டு சூப் குளிருக்கு இதமானது, குடியுங்கள், அதை மருந்தாக நம்பாதீர்கள். மதுவும் தூக்க மாத்திரையும் அங்கே வேண்டவே வேண்டாம். அசிட்டசோலமைடு என்ற மாத்திரை உண்மையிலேயே உதவும். பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மில்லிகிராம், இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. ஆனால் நண்பரிடம் வாங்கிப் போடாதீர்கள். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். மாத்திரை போட்டாலும் மெதுவாகத்தான் ஏற வேண்டும்.

லீவு ஒரு வாரம்தானா? 3,210 மீட்டர் பூன் ஹில் போய் வாருங்கள், அதுவும் அழகான மலைதான். தயவுசெய்து ஒரு வாரத்தில் தோரோங் லாவைத் திணிக்காதீர்கள். தினமும் இரவு ஒருவரையொருவர் கேளுங்கள்: தலை வலிக்கிறதா, சாப்பிட முடிந்ததா? தனக்கு வலிக்கிறது என்று முதலில் சொல்பவரைக் கேலி செய்யாதீர்கள்.

அந்தத் தம்பிக்கு வலி மாத்திரை எழுதித் தரவில்லை. அடுத்த பயணத்துக்கு அசிட்டசோலமைடு கட்டாயம் என்று சொல்லிவிட்டு, அவர் கொண்டுவந்த பயணத் திட்டத்தை வாங்கித் திருத்தினேன். சாமேயில் ஓர் இரவு, மேல் பிசாங்கில் ஓர் இரவு, மனாங்கில் மூன்று, யாக் கார்க்காவில் ஒன்று, தோரோங் பேடியில் ஒன்று. "இன்னும் நாலு நாள் லீவு போடணுமே டாக்டர்" என்றார். போடுங்கள் என்றேன்.