வலது சிலிண்டர் படுத்துவிட்டால் இடதைக் கேளுங்கள்

பைக்கை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் விட்டு, இரண்டு சைலன்சர் பைப்பிலும் சிலிண்டர் ஹெட்டுக்குப் பக்கத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தேன். இடது பக்கம் சுர்ரென்று ஆவியானது. வலது பக்கம் முத்து முத்தாக உருண்டு கீழே சொட்டியது. எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க இதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஏன் வேலை செய்யவில்லை என்பதுதான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது.

வண்டி ராஜ்தூத் 350. யமஹாவின் ஆர்டி 350-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-ல் இந்தியாவில் செய்து விற்க ஆரம்பித்ததே, அதுதான். 347 சிசி, டூ ஸ்ட்ரோக், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிலிண்டர். சோழவரம் ரேஸ் பார்த்த தலைமுறைக்கு இதற்கு மேல் அறிமுகம் தேவையில்லை, மற்றவர்களுக்கு ஒரே ஒரு விஷயம் சொன்னால் போதும்: இது இரண்டு சிலிண்டர் உள்ள ஒரு என்ஜின் என்பதைவிட, பிஸ்டன்கள் சுழற்றும் ஒரே கிராங்க் தண்டில் கட்டிப்போட்ட இரண்டு தனி என்ஜின்கள் என்பதுதான் சரி. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலப்பது), தனி பாயிண்ட் (பொறிக்கான கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), அதோடு ஜோடியாக வேலை செய்யும் தனி கண்டன்சர், தனி காயில் (வோல்ட்டை ஏற்றிப் பிளக்குக்கு அனுப்புவது), தனி சைலன்சர். கிராங்க் அறைகூட நடுவில் தடுத்து இரண்டாகத்தான் இருக்கிறது. பொதுவாக இருப்பது பேட்டரி, சாவி சுவிட்ச், பெட்ரோல் டேங்க், ஆயில் பம்ப், ஆக்ஸிலேட்டர் பிடி, இவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை கருவியைத் தொடாமலே முடிந்துவிடும். இடது நன்றாக ஓடுகிறது என்றால் பேட்டரி சரி, சுவிட்ச் சரி, டேங்க்கில் பெட்ரோல் இருக்கிறது. பொதுவான சாமான் எல்லாம் ஒரே அடியில் விடுதலை. நான் முதலில் கொண்டுபோன பட்டறையில் பேட்டரியைச் சார்ஜ் போட்டார்கள், டேங்க்கைக் கழுவினார்கள், இரண்டு பிளக்கையும் மாற்றினார்கள், கணிசமாகப் பில்லும் போட்டார்கள். வீடு வந்து சேர்வதற்குள் வலது பக்கம் மறுபடி போய்விட்டது. (பேட்டரி ரொம்ப இறங்கியிருந்தால் இரண்டில் நோஞ்சானாக இருக்கும் பக்கம் முதலில் விழும், அதனால் மீட்டர் வைத்து ஒருமுறை பார்த்துவிடுவது தப்பில்லை. ஆனால் டேங்க்கை எதற்குக் கழுவினார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.)

சரி, ஒரு சிலிண்டர் ஓட மூன்று வேண்டும்: காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை, அதை அழுத்தும் கம்ப்ரஷன், சரியான நேரத்தில் ஒரு பொறி. மூன்றில் எது இல்லை என்று முதலில் சொல்வது பிளக். கழற்றிப் பார்த்தால் என்னுடையது கருப்பாக, ஈரமாக, பெட்ரோல் வாசனையோடு இருந்தது. அப்படியென்றால் பெட்ரோல் உள்ளே வருகிறது, எரியத்தான் இல்லை. வறண்டு இருந்திருந்தால் கதை கார்புரேட்டர் பக்கம் போயிருக்கும். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலேட்டர் முறுக்காமல் ஓடும்போது, ஒரு சிலிண்டர் செத்துப்போய், ஆக்ஸிலேட்டர் முறுக்கியதும் உயிர் வந்தால், பெரும்பாலும் பைலட் ஜெட் அடைப்புதான். ஐட்லிங்கில் வேண்டிய சிறு அளவு பெட்ரோல் அந்த ஊசிமுனைத் துளை வழியாகத்தான் வர வேண்டும், முறுக்கினால் மெயின் ஜெட் கைகொடுத்துவிடும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெட்ரோல் வற்றி அரக்குப்போலப் படிந்து முதலில் அடைப்பது அந்தத் துளையைத்தான்.

கம்ப்ரஷனுக்கு நான் அழுத்தம் அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தேன், ஆனால் அது இல்லாமலும் முடியும். இரண்டு பிளக்கையும் கழற்றிவிட்டு, ஒரு பக்கம் மட்டும் பிளக் போட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்குங்கள். பிறகு அதைக் கழற்றி அடுத்த பக்கம் போட்டு அதே மாதிரி அமுக்குங்கள். கையில் தட்டும் கனம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தால் ரிங்கும் பிஸ்டனும் உங்களைக் கைவிடவில்லை.

டூ ஸ்ட்ரோக்கில் மேலே அழுத்தம் இருந்தால் மட்டும் போதாது, கீழேயும் வேண்டும். பிஸ்டன் மேலே போகும்போது கிராங்க் அறைக்குள் கலவையை உறிஞ்சி, கீழே வரும்போது அதையே அழுத்தி மேலே தள்ளுகிறது, அதாவது பிஸ்டனின் அடிப்பக்கம் ஒரு பம்ப். அந்த அறையின் ஆயில் சீல் (தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் வளையம்) போய்விட்டால் பம்ப் ஓட்டை. கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சிக் குடித்து, ஒரு சைலன்சரில் மட்டும் வெள்ளைப் புகை கக்கும், பிளக் நனைந்து சாகும், கியர் ஆயில் எங்கே போகிறது என்று நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள். பேட்டரிக்குக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் இருக்கும் பக்கத்து சீல் போனால் வெறும் காற்றை இழுத்துக் கலவை மெலிந்துவிடும், பிளக் வெளுத்துப்போகும், கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டன் சீஸ் ஆகி, சிலிண்டரில் இறுகிக்கொள்ளும். எனக்குப் புகையும் இல்லை, கியர் ஆயிலும் குறையவில்லை. ஆக, பொறிதான்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். பிளக்கை வயர் முனையில் இருக்கும் கேப்பில் மாட்டி, பிளக்கின் உடம்பை என்ஜின் துடுப்புத் தகட்டில் வைத்து (பிளக் ஓட்டையிலிருந்து நன்றாகத் தள்ளி, அங்கே பெட்ரோல் ஆவி இருக்கும்) கிக் செய்தால் டிக் டிக்கென்று பொறி வந்தது. உடனே "கரண்ட் இருக்கு" என்று முடிவு கட்டிவிட்டேன். வெளியே வரும் பொறி உள்ளேயும் வரும் என்று யார் சொன்னது? பிளக்கின் இடைவெளி 0.6 மில்லிமீட்டர் அளவு. சாதாரணக் காற்றில் அதைத் தாண்ட இரண்டாயிரம் மூவாயிரம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள் காற்று நெருக்கிப் பிடிக்கப்பட்டிருக்கிறது. பொறி உண்டாக எலக்ட்ரான்கள் ஓடி வேகமெடுத்து மூலக்கூறுகளை முட்டி உடைக்க வேண்டும், நெரிசலில் அவை வேகமெடுப்பதற்கு முன்பே எதிலாவது முட்டி நின்றுவிடுகின்றன. அதனால் நாலைந்து மடங்கு வோல்ட் தேவைப்படும். நோஞ்சான் பொறி வெளியே வித்தை காட்டும், உள்ளே போனால் படுத்துவிடும். சரியான சோதனை, பிளக்கை ஒதுக்கிவிட்டு ஆறு மில்லிமீட்டர் இடைவெளியை அந்தப் பொறி தாண்டுகிறதா என்று பார்ப்பது. இடது பக்கம் நீலமாகச் சடார் என்று தாண்டியது. வலது பக்கம் மூன்று மில்லிமீட்டருக்கே மஞ்சளாகத் திணறியது.

இனி சந்தேகம் நாலு பேர் மேல்: பிளக், கேப், காயில், பாயிண்ட்-கண்டன்சர் ஜோடி. புதிது வாங்கிப் போட்டுப் பார்ப்பது பணக்காரர் வழி. இரண்டு சிலிண்டர் வண்டியில் அதற்குத் தேவையே இல்லை, நன்றாக ஓடும் இன்னொரு செட் ஒரு சாண் தள்ளித்தான் இருக்கிறது. ஒவ்வொன்றாக இடம் மாற்றுங்கள், ஒரு தடவைக்கு ஒன்று மட்டும். நோய் கூடவே போனால் மாற்றியதுதான் குற்றவாளி, போகாமல் அங்கேயே இருந்தால் அது நிரபராதி. பிளக் மாற்றினேன், வலதுதான் செத்தது. கேப்பும் அப்படியே.

காயிலை மாற்றும்போது ஒரு பள்ளம் இருக்கிறது. மேலே பிளக் வயரை மட்டும் இடம் மாற்றினால் வண்டி ஓடாது, "இரண்டு காயிலும் போச்சு" என்று பயந்துவிடுவீர்கள். இந்த என்ஜினில் ஒரு பிஸ்டன் மேலே இருக்கும்போது மற்றது கீழே இருக்கும், 180 டிகிரி கிராங்க். வலது பாயிண்ட் திறக்கும் நேரம் வலது பிஸ்டனுக்குத்தான் பொருந்தும், வயரை மட்டும் மாற்றினால் பிஸ்டன் அடியில் இருக்கும்போது பொறி வரும். அதனால் பாயிண்ட்டிலிருந்து காயிலுக்கு வரும் சின்ன வயரையும் சேர்த்து மாற்ற வேண்டும். அப்போது வலது பாயிண்ட், இடது காயில், வலது பிளக் என்று வரிசை அமையும். அப்படிச் செய்து பார்த்தேன். அப்போதும் வலதுதான் செத்தது, காயிலும் நிரபராதி.

மிச்சம் பாயிண்ட்டும் கண்டன்சரும். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலின் முதல் சுருளில் கரண்ட் ஓடிக் காந்தப்புலம் கட்டி எழும்புகிறது. பாயிண்ட் திறந்த கணத்தில் கரண்ட் அறுந்து, புலம் சரிந்து, ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுருளில் பெரும் வோல்ட்டாகக் கிளம்புகிறது. எவ்வளவு சட்டென்று அறுகிறதோ அவ்வளவு வோல்ட். ஆனால் ஓடும் கரண்ட் சும்மா நிற்காது, அப்போதுதான் திறந்த பாயிண்ட்டின் குறுகிய இடைவெளியையே தாண்டிக் குதிக்கப் பார்க்கும். அந்தக் கணத்தில் அதை வாங்கி வைத்துக்கொள்ளும் திண்ணைதான் கண்டன்சர். 0.2 மைக்ரோஃபாரட் அளவுக்குக் கட்டைவிரல் சைஸ் டப்பா. அது போய்விட்டால் பிளக்கில் வர வேண்டிய பொறி பாயிண்ட்டில் வந்துவிடும்.

பாயிண்ட் மூடியைக் கழற்றி, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை விட்டு 0.35 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. வலது பாயிண்ட்டின் முகம் மட்டும் கருகி, ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருந்தது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பொழுது சாய்ந்ததும் ஷெட் விளக்கை அணைத்துவிட்டு வண்டியை ஓடவிட்டுக் குனிந்து பார்த்தேன். இடது பாயிண்ட்டில் பொறி வருகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வலது பாயிண்ட்டில் கம்பி மத்தாப்பு.

வலது கண்டன்சரின் வயரைக் கழற்றிவிட்டு, பக்கத்து வீட்டுப் பழைய ஸ்கூட்டரின் கண்டன்சரை ஒரு கிளிப் வயரால் பாயிண்ட் வயரிலும், டப்பாவை என்ஜின் உடம்பிலும் கட்டினேன். பிளக்கைத் துடைத்துப் போட்டுக் கிக் செய்தேன். வலது பக்கம் இரண்டு தடவை டப் டப்பென்று வெடித்தது, கிராங்க் அறையிலும் சைலன்சரிலும் தேங்கியிருந்த ஆயிலும் பெட்ரோலும் தெரு முழுக்க வெள்ளைப் புகையாக வந்தது, எதிர்வீட்டு அக்கா ஜன்னலைச் சாத்தினார். புகை தெளிந்ததும் வலது பைப்பில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தேன். சுர்.