டச் ஸ்கிரீன் மேல் பழி போடாதீர்கள்

போன வாரம் வளசரவாக்கத்தில் ஒரு மருந்துக் கடை. மாலை ஏழு மணி, கவுன்டரில் எட்டுப் பேர் நிற்கிறார்கள். கேஷியர் அக்கா திரையில் ‘பில்’ பட்டனைத் தொட்டார். அடித்து வைத்திருந்த பன்னிரண்டு வரியும் காணாமல் போயின. அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. “ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும் சார், தினமும் இப்படித்தான்” என்று சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

அந்த பில்லிங் மென்பொருளை எழுதிய பையன்கள் அதற்குள் ரிச்சி ஸ்ட்ரீட் போய்ப் புது டச் மானிட்டரே வாங்கி மாட்டியிருந்தார்கள். பழையதில் தொடும் இடம் தள்ளிப் போய்விட்டதாம், அதனால் ‘பில்’லைத் தொட்டால் ‘கேன்சல்’ விழுகிறதாம். புது மானிட்டரிலும் அதே கதை. அதன் பிறகுதான் எனக்கு போன் வந்தது. இந்த வருடத்தில் இது எனக்கு ஐந்தாவது.

நடந்தது இதுதான். சி மொழியில் எழுதிய ஒரு சின்ன ஜன்னல் டூல்கிட்டுக்கு (ஜன்னல், பட்டன் வரைந்து தரும் நிரல் தொகுப்பு) இவர்களே சிடைப்ஸ் (பைத்தானிலிருந்து சி நிரலைக் கூப்பிட உதவும் நூலகம்) வைத்துப் பைத்தான் பைண்டிங், அதாவது இரண்டு மொழிகளையும் இணைக்கும் பாலம், எழுதியிருக்கிறார்கள். முதல் திரையை வரையும் ஃபங்ஷனுக்குள் எல்லா பட்டனுக்கும் கால்பேக் (தொட்டால் ஓட வேண்டிய ஃபங்ஷன்) உருவாக்கி, ஒரு லிஸ்டில் போட்டு, சி பக்கம் ஒப்படைத்தாயிற்று. ஃபங்ஷன் முடிந்தது. தேவை முடிந்ததென்று பைத்தான் லிஸ்டை மெமரியிலிருந்து அழித்தது, அதோடு கால்பேக்குகளும் போயின. சி பக்கத்துக்கு அது தெரியாது, அதன் கையில் பழைய முகவரிதான். அந்த இடத்தை வேறு யாரும் எடுக்காதவரை பழைய எச்சத்தை வைத்தே வண்டி ஓடியது. மாலையில் யாராவது டிஸ்கவுன்ட் கேட்க, டிஸ்கவுன்ட் ஜன்னல் திறக்க, அதன் ‘கேன்சல்’ கால்பேக் காலியான இடத்தில் குடியேறிவிட்டது. அப்புறம் ‘பில்’லைத் தொட்டால்? பழைய விலாசத்துக்குப் போன தபாலைப் புதுக் குடித்தனக்காரர் பிரித்துப் படிக்கிறார். கிராஷ் ஆகியிருந்தாலாவது சந்தேகம் வந்திருக்கும். தவறான வேலையை ஒழுங்காகச் செய்ததால்தான் மானிட்டர் மாட்டிக்கொண்டது.

திருத்தம் ஒரே வரி: அந்த லிஸ்டை ஜன்னல் உயிரோடு இருக்கும்வரை ஜன்னலோடேயே வைத்திருக்க வேண்டும். சிடைப்ஸின் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. யார் படிக்கிறார்கள்?

இதைச் சொன்னதும் அந்தப் பையன்களில் ஒரு தம்பி கேட்ட கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரையே. “பைத்தான்ல கார்பேஜ் கலெக்டர் இருக்கே அண்ணா, மெமரியை நாம ஏன் பாக்கணும்?” (தேவை முடிந்த மெமரியைத் தானே காலி செய்வதுதான் கார்பேஜ் கலெக்டர்.)

பார்க்கத்தான் வேண்டும். பைத்தானை மட்டும் எழுதுகிறவர் பார்க்கத் தேவையில்லை, பைண்டிங் எழுதுகிறவருக்கு அதுதான் முழு வேலையே. கார்பேஜ் கலெக்டருக்குத் தன் வீட்டுக்குள் நடப்பது மட்டும்தான் தெரியும். சி பக்கம் யார் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அதற்குச் சொல்ல ஆள் வேண்டும், அந்த ஆள் நீங்கள்தான்.

திருவல்லிக்கேணி மெஸ்ஸில் சாப்பிட்டவர்களுக்கு இது எளிதாகப் புரியும். பார்சல் வாங்கினால் இலையும் கவரும் உங்களுடையவை, குப்பையில் போட வேண்டியதும் நீங்கள். உட்கார்ந்து சாப்பிட்டால் எவர்சில்வர் தட்டு மெஸ்ஸுடையது. சாப்பிட்டு முடித்ததும் அதைக் குப்பையில் போட்டால் முதலாளி சும்மா விடமாட்டார். ஜிடிகே என்ற ஜன்னல் டூல்கிட்டில் லேபிளிடம் அதன் எழுத்தைக் கேட்டால் வருகிற பாயிண்டர் (மெமரி முகவரி) தட்டு மாதிரி: பார்க்கலாம், விடுவிக்கக் கூடாது. எடிட் செய்யும் பெட்டியிடம் ‘கெட் சார்ஸ்’ கேட்டால் வருவது பார்சல்: வேலை முடிந்ததும் நீங்கள்தான் விடுவிக்க வேண்டும். ஹெடர் ஃபைலில், அதாவது ஃபங்ஷன்களின் பட்டியலில், இரண்டும் சார் பாயிண்டர்தான் (எழுத்துக்கான முகவரி), ‘மாற்றாதே’ என்று சொல்லும் கான்ஸ்ட் என்ற ஒரு சொல்தான் வித்தியாசம். அந்தச் சொல்லும் ஒரு ஜாடைதான், உத்தரவாதம் இல்லை. (சிடைப்ஸ்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பார்சல் வகைக்கு ரிட்டர்ன் டைப்பாக ‘சி சார் பி’ கொடுத்தால் அது பைட்ஸாக மாறி வந்துவிடும், பாயிண்டர் கைவிட்டுப் போகும், பிறகு எதை விடுவிப்பீர்கள்?)

அதனால்தான் ஜிடிகே உலகத்தில் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கு மேலும் ‘டிரான்ஸ்ஃபர் ஃபுல்’ (பார்சல்), ‘டிரான்ஸ்ஃபர் நன்’ (தட்டு) என்று குறிப்பு எழுதுகிறார்கள். ஜிஆப்ஜெக்ட் இன்ட்ராஸ்பெக்ஷன் என்ற கருவி அதைப் படித்துத்தான் பல மொழிகளுக்கு ஒரே நேரத்தில் வழி போடுகிறது. “ஜெனரேட்டர் இருக்கே, ஹெடரைக் கொடுத்தா ராத்திரியில முடிச்சிடும்” என்று, பைண்டிங்கைத் தானே எழுதித் தரும் கருவியை நம்புகிறவர்களுக்கும் இதுவே பதில். சி பிளஸ் பிளஸில் எழுதிய க்யூட்டி டூல்கிட்டுக்கு பைக்யூட்டி என்ற பைத்தான் பைண்டிங் 1998இலிருந்து இருக்கிறது. உரிமச் சிக்கலால் நோக்கியா 2009இல் பைசைட் என்ற இன்னொன்றைத் தனியாகக் கொண்டுவந்தது. முன்னதற்கு சிப், பின்னதற்கு ஷிபோக்கன் என்று இரண்டுக்கும் தனித்தனி ஜெனரேட்டர். இரண்டிலும் எந்த ஆர்க்யுமென்ட் யாருக்குச் சொந்தமாகிறது என்பதை ஆள் உட்கார்ந்து கையால் குறித்துத்தான் வைத்திருக்கிறார். ஹெடரில் எழுதாததை ஜெனரேட்டர் எங்கிருந்து எடுக்கும்?

க்யூட்டியில் இன்னொரு வகை. பேரன்ட் ஜன்னல் அழிந்தால் அதற்குள் இருக்கும் பிள்ளைகளும் சி பிளஸ் பிளஸ் பக்கம் அழிந்துவிடும், பைத்தான் பக்கம் அவற்றின் ராப்பர் (மேலுறை) வெறும் கூடாக நிற்கும். அதைத் தொட்டால் ‘அந்த ஆப்ஜெக்ட் ஏற்கெனவே டிலீட் ஆகிவிட்டது’ என்று பைக்யூட்டி ரன்டைம் எரர் கொடுக்கும். அதைப் பார்த்து எரிச்சல்படாதீர்கள், கும்பிடுங்கள். நீங்கள் கையால் எழுதும் பைண்டிங்கில் அந்த இடத்தில் செக்மென்டேஷன் ஃபால்ட்தான் (புரோகிராம் சட்டென்று செத்துவிடுவது) கிடைக்கும்.

அடுத்தது எழுத்து. சென்னையில் உட்கார்ந்துகொண்டு ‘ஹலோ வேர்ல்டு’ மட்டும் வைத்து டெஸ்ட் செய்கிறவர்களை என்ன சொல்வது? ‘தமிழ்’ என்று கொடுத்துப் பாருங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து. பைத்தான் இகரக் குறியையும் புள்ளியையும் தனியாகக் கணக்கெடுத்து ஐந்து என்று எண்ணும். யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் பதினைந்து பைட். ஜிடிகேயின் என்ட்ரி பெட்டி கர்சரின் இடத்தை யூனிகோட் எழுத்துக் கணக்கில் சொல்கிறது, எழுத்தை வரையும் பாங்கோவோ பைட் கணக்கில் கேட்கிறது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே எண் என்பதால் பிழை ஒளிந்துகொள்ளும். தமிழில் முதல் எழுத்திலேயே பல்லிளிக்கும்.

க்யூட்டி வைத்திருப்பது யுடிஎஃப்-16 என்ற இன்னொரு சேமிப்பு முறை. வழக்கமான தமிழுக்கு அதுவும் பைத்தானும் ஒரே எண் சொல்லும், அதனால் தப்பித்துவிட்டதாக நினைப்பீர்கள். முந்திரி, அதாவது முந்நூற்றிருபதில் ஒரு பங்கைக் குறிக்கும் பழைய பின்னக் குறி, 2019இல் யூனிகோடு 12இல் சேர்ந்தது. அது யூனிகோடின் அடிப்படைத் தளத்துக்கு (முதல் 65,536 இடங்களுக்கு) வெளியே இருப்பதால் க்யூட்டிக்கு இரண்டு, பைத்தானுக்கு ஒன்று. மருந்துக் கடையில் யார் முந்திரிக் குறி அடிக்கப் போகிறார்கள் என்று கேட்காதீர்கள். பெயருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்மைலி வந்தாலும் இதே கணக்குதான், அதை எல்லாரும் அடிக்கிறார்கள்.

மிச்சம் உங்களுக்குத் தெரிந்ததுதான், தெரிந்தும் செய்யமாட்டீர்கள் என்பதால் சொல்கிறேன். விட்ஜெட்டை (பட்டன், பெட்டி போன்றவற்றை) மெயின் த்ரெட்டில் (புரோகிராமின் முதன்மை ஓட்டத்தில்) மட்டும் தொடுங்கள். கார்பேஜ் கலெக்டர் வேறு த்ரெட்டில் ஓடுகிற மொழியாக இருந்தால், விட்ஜெட்டை விடுவிக்கிற வேலையையும் மெயின் த்ரெட்டுக்கே அனுப்புங்கள். இதை மறப்பவர்கள்தான் அதிகம். கால்பேக்குக்குள் வரும் எக்ஸெப்ஷனை (பிழை அறிவிப்பை) சி பக்கம் தாண்டவிடாமல் வாசலிலேயே பிடியுங்கள். பைக்யூட்டி 5.5 முதல், பிடிக்காத எக்ஸெப்ஷன் ஸ்லாட்டில் (க்யூட்டியின் கால்பேக்கில்) வந்தால் புரோகிராமையே நிறுத்திவிடுகிறது. அன்றைக்குப் பலர் திட்டினார்கள், எனக்கு அதுதான் சரியென்று படுகிறது. பாதி உடைந்த பில்லை விட நின்றுபோன கவுன்டர் மேல்.

டெஸ்ட் எழுதும்போது ஜன்னலைத் திறந்து, கலெக்டரை வலுக்கட்டாயமாக ஓடவைத்து, வேறு நாலு ஜன்னல் திறந்து மூடி, அதன் பிறகு பட்டனை அழுத்துங்கள். உங்கள் லேப்டாப்பில் பத்து நிமிடம் ஓடியது எதற்கும் சாட்சி இல்லை, மாலை ஏழு மணிக் கூட்டம்தான் உண்மையான டெஸ்ட். சி பக்கத்தை, மெமரிப் பிழை பிடிக்கும் அட்ரஸ் சானிட்டைசர் போட்டு ஒருமுறையாவது கம்பைல் செய்யுங்கள். அந்தப் பையன்களின் பிழையை நான் கண்டுபிடித்தது ஜன்னலைத் திறந்து மூடும் அந்த டெஸ்டில்தான், கடைக்குப் போய்வந்த ஆட்டோ நேரத்தைவிடக் குறைவான நேரத்தில்.

ஒரு வேண்டுகோள். எனக்கு அனுப்பும்போது பட்டனை அழுத்துகிற வாட்ஸ்அப் வீடியோ வேண்டாம், தயவுசெய்து பேக்ட்ரேஸ் (விழுந்த இடம் வரை வந்த ஃபங்ஷன்களின் வரிசை) அனுப்புங்கள். பழைய மானிட்டரை அந்தத் தம்பி பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறான். நன்றாக இருக்கிறது, யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.