கப்பலில் எந்த அறை? காதுக்குள் இருக்கும் கற்களைக் கேளுங்கள்

"முதல்முறையாகச் சொகுசுக் கப்பலில் ஏழு நாள் போகிறோம். எனக்குப் பேருந்தில் ஏறினாலே வாந்தி வரும். மேல்தளத்தில் பால்கனி வைத்த அறை எடுக்கலாமா, இல்லை பயணத்தையே விட்டுவிடலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பயணத்தை விட வேண்டாம். அந்த அறை கப்பலின் மூக்குப் பக்கம், அதாவது அணியத்தில் இருந்தால் அறையை மட்டும் விட்டுவிடுங்கள்.

கப்பல் ஆறு விதமாக அசையும். வயிற்றுக்குச் சம்பந்தப்பட்டவை மூன்றுதான். இடமும் வலமுமாகச் சாய்வது உருளல். மூக்கு ஏற, வால் இறங்க, பிறகு மாறி ஆடுவது முன்பின் ஆட்டம். மொத்தக் கப்பலும் மேலெழுந்து தாழ்வது ஏற்ற இறக்கம். புதிதாகப் போகிறவர்கள் பயப்படுவது உருளலைப் பார்த்து. மேசையில் தம்ளர் நகரும், திரைச்சீலை சுவரை விட்டு விலகித் தொங்கும், பார்க்கவே கலக்கமாக இருக்கும். ஆனால் பெரிய கப்பலில் வயிற்றைப் புரட்டுவது பெரும்பாலும் மற்ற இரண்டும்தான்.

300 மீட்டர் நீளக் கப்பல் முன்பின்னாக வெறும் 1 பாகை ஆடுகிறது என்று வையுங்கள். கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. நடுவிலிருந்து 150 மீட்டர் தள்ளி மூக்கில் இருக்கும் அறையோ 2.6 மீட்டர் மேலே போய், அதே அளவு கீழேயும் வரும். ஒரு மாடிக் கட்டட உயரத்துக்கும் கூடுதலான பயணம் அது. நடுவிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருக்கும் அறை அரை மீட்டர்தான் ஏறி இறங்கும். இந்த ஆட்டம் 9.5 நொடிக்கு ஒரு முறை நடந்தால், மூக்கு அறையில் படுத்திருக்கும் 60 கிலோ ஆளின் எடை ஒவ்வொரு சுற்றிலும் 67 கிலோவாகவும் 53 கிலோவாகவும் மாறி மாறித் தோன்றும். சீசா பலகையின் நுனியில் உட்காருவதா நடுவில் உட்காருவதா என்பதுதான் அறைத் தேர்வின் பாதிக் கணக்கு.

இந்த எடை மாற்றத்தைக் கண்டுபிடிப்பது கண்ணில்லை, காது. கேட்கும் பகுதிக்குப் பக்கத்திலேயே, அரைவட்டக் குழாய்கள் மூன்று ஒவ்வொரு காதிலும் இருப்பதைப் பள்ளியில் படித்திருப்போம். தலை திரும்புவதை அவை சொல்லும். அவற்றின் அடியில் இருக்கும் இரண்டு சிறு பைகளைப் பற்றிப் பாடப்புத்தகம் ஒரு வரியோடு நகர்ந்துவிடும். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

அந்தப் பைகளுக்குள் மயிர்செல்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் தலைமேல் கூழ் போன்ற ஒரு படலம். படலத்தின் மேல் பொடிப்பொடியாகக் கற்கள் பதிந்திருக்கின்றன. உருவகமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கற்கள். சுண்ணாம்புக் கல்லில் இருக்கும் அதே கால்சியம் கார்பனேட். தலையைப் பின்னால் சாய்த்தால் கற்களின் பாரம் கூழைப் பின்னுக்கு இழுக்கும், மயிர்கள் வளையும், "சாய்ந்திருக்கிறோம்" என்று மூளைக்குச் செய்தி போகும்.

ஆனால் சாயாமல் நிமிர்ந்தபடியே திடீரென முன்னால் தள்ளப்பட்டாலும் கற்கள் பின்தங்கும், மயிர்கள் அதே பக்கம் வளையும். செய்தியில் ஒரு எழுத்துகூட மாறாது. புவியீர்ப்பையும் முடுக்கத்தையும் உள்ளிருந்துகொண்டு பிரித்தறிய முடியாது என்று ஐன்ஸ்டைன் 1907-இல் யோசித்தாரே, அந்தச் சிக்கலை நம் காது அவருக்கு வெகுகாலம் முன்பிருந்தே தினமும் சமாளித்து வருகிறது.

எப்படிச் சமாளிக்கிறது? அரைவட்டக் குழாய்களின் சாட்சியையும் கண்ணின் சாட்சியையும் சேர்த்துக்கொள்கிறது. அது தவிர, வேகத்தை வைத்து ஒரு குத்துமதிப்பும் போடுகிறது. மெல்ல வந்து நீடிக்கும் மாற்றம் என்றால் சாய்வு, சட்டென்று வந்து போனால் நகர்வு. நிலத்தில் இது அநேகமாகப் பிழைப்பதில்லை. நடக்கும்போது நம் தலை நொடிக்கு ஏறக்குறைய 2 முறை மேலும் கீழும் குதிக்கிறது, யாருக்கும் குமட்டுவதில்லை. கடல் மட்டும் இரண்டுக்கும் நடுவே, மூளையால் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாத வேகத்தில் ஆட்டுகிறது. 1974-இல் ஓ'ஹான்லன், மெக்காலி என்ற இரு ஆய்வாளர்கள் தன்னார்வலர்களை மேலும் கீழும் நகரும் அறைக்குள் உட்கார வைத்து, வெவ்வேறு வேகங்களில் ஆட்டிப் பார்த்தார்கள். வாந்தி உச்சத்தைத் தொட்டது நொடிக்கு ஏறத்தாழ 0.2 முறை, அதாவது 5 நொடிக்கு ஒரு ஆட்டம் என்ற அளவில். அதைவிட வேகமாக்கினாலும் மெதுவாக்கினாலும் தொல்லை குறைந்தது. 'எது கீழ்' என்ற மூளையின் கணிப்பு அந்த வேகத்தில்தான் அதிகம் சறுக்குகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் எனக்கு மிகவும் பிடித்தது.

காதுதான் குற்றவாளி என்பதற்குச் சாட்சி வலுவானது. உட்காதின் இந்த உறுப்பு செயலிழந்தவர்களை 1960-களில் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆஷ்டன் கிரேபியலின் குழு புயலடித்த வட அட்லாண்டிக்கில் கப்பலேற்றிப் பார்த்தது. கூட இருந்தவர்கள் சுருண்டு விழ, இவர்கள் அசையாமல் இருந்தார்கள். மாறாக, பார்வையற்றவர்களுக்குக் கடல் குமட்டல் வரும். ஒன்று கவனியுங்கள்: இந்தத் துறையின் அடிப்படை ஆய்வுகளில் பெரும்பகுதி போர்க்கப்பலுக்காகவும் விண்வெளிப் பயணத்துக்காகவும் கொடுக்கப்பட்ட பணத்தில் நடந்தது. விடுமுறைப் பயணியின் வாந்திக்கு என்று யாரும் நிதி ஒதுக்குவதில்லை. அந்த வெற்றிடத்தில்தான் குமட்டலைத் தடுக்கும் என்று சொல்லி மணிக்கட்டுப் பட்டை விற்பவர்கள் கடை விரிக்கிறார்கள்.

கணக்கின் மறுபாதி அலையில் இருக்கிறது. ஆழ்கடலில் அலையின் நீளம், அதன் கால இடைவெளியின் (ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவே கழியும் நொடிகளின்) வர்க்கத்தை 1.56-ஆல் பெருக்கக் கிடைக்கும் மீட்டர். 8 நொடி அலை என்றால் நீளம் 100 மீட்டர். 300 மீட்டர் கப்பலின் அடியில் ஒரே நேரத்தில் அப்படி மூன்று அலைகள் நிற்கும். ஒன்று தூக்குவதை இன்னொன்று இறக்க, கப்பல் கிட்டத்தட்ட சும்மா இருக்கும். 14 நொடி அலையின் நீளம் 306 மீட்டர். ஏறக்குறைய கப்பலின் நீளமே. இப்போது மூக்கு முகட்டில் ஏற, நடு பள்ளத்தில் கிடக்கும், ஆட்டம் தொடங்கிவிடும். ஆகவே கடல்நிலை அறிக்கையில் அலை உயரத்தை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள், தைரியமும் கொள்ளாதீர்கள். 3 மீட்டர், 7 நொடி என்றால் பெரிய கப்பல் பொருட்படுத்தாது. 3 மீட்டர், 14 நொடி என்றால் இரவு உணவுக்கு முன்பே மாத்திரை.

திசையும் முக்கியம். அந்த 14 நொடி அலையை நோக்கிக் கப்பல் 20 நாட், அதாவது மணிக்கு 37 கி.மீ. வேகத்தில் போனால், அலைகள் 9.5 நொடிக்கு ஒன்றாக வந்து மோதும். அந்த மோசமான 5 நொடியை நோக்கி நெருங்குகிறது. திரும்பும் வழியில் அதே அலை பின்னாலிருந்து வந்தால், எட்டிப் பிடிக்க ஏறத்தாழ 26 நொடி ஆகும். கடல் மாறவில்லை, குமட்டல் மட்டும் காணாமல் போயிருக்கும்.

"கப்பலில் ஸ்டெபிலைசர் இருக்கிறது, ஆடாது" என்று விற்பனையாளர் சொல்வது பாதி உண்மை. நீர்மட்டத்துக்குக் கீழே இரு பக்கமும் நீளும் துடுப்புகள் அவை, விமானச் சிறகின் தத்துவம். கப்பல் வலப்புறம் சாயத் தொடங்கினால் உணரிகள் கண்டுபிடித்து, வலத் துடுப்பின் முன்விளிம்பை உயர்த்தி இடத் துடுப்பினுடையதைத் தாழ்த்தும். ஓடும் நீர் ஒரு பக்கத்தை மேலும் மறுபக்கத்தைக் கீழும் தள்ளும். உருளலை இது வெகுவாக அடக்கும். ஆனால் இந்த விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: 20 நாட் வேகம் 10 ஆனால் விசை கால் பங்கு. நங்கூரமிட்டு நிற்கையில் பெரும்பாலான துடுப்புகளால் பயனில்லை. முன்பின் ஆட்டத்தை, அதாவது வயிற்றின் உண்மையான எதிரியை, இவை தொடுவதே இல்லை. அவ்வளவு நீளமான கப்பலைப் பிடித்து நிறுத்த அந்தச் சிறு துடுப்புகளுக்கு வலுவில்லை.

இனி அறை. முன்பதிவுக்கு முன் தள வரைபடத்தைத் திறந்து, கப்பலின் நீளத்தை மூன்றாகப் பிரித்து, நடுப்பங்கில் கீழ்த்தளங்களில் ஒன்றைத் தேடுங்கள். கீழ்த்தளம் ஏனென்றால், உருளும்போது உயரே போகப் போகப் பக்கவாட்டு வீச்சு கூடும். நடுவில் இருக்கும் ஜன்னலில்லாத உள்ளறை, மூக்கில் இருக்கும் பால்கனி அறையைவிட வயிற்றுக்கு நல்லது. தொடுவானம் பார்க்க வேண்டுமானால் திறந்த தளத்துக்கு நடந்து போகலாம். மூக்கின் கீழ்த்தள அறைகளுக்கு இன்னொரு குறையும் உண்டு: விடியற்காலையில் துறைமுகம் சேரும்போது நங்கூரச் சங்கிலியின் சத்தமும் கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் விசிறிகளின் சத்தமும் எழுப்பிவிடும். வால் பக்கம் அதிர்வு. நடனக்கூடத்துக்கு நேர்கீழ் அறை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாத்திரை குமட்டல் வருவதற்கு முன் போடுவது. குமட்டல் தொடங்கினால் இரைப்பை தன் சரக்கைக் கீழே அனுப்புவதை நிறுத்திவிடும். அதன்பின் விழுங்கியது குடலுக்குப் போய்ச் சேராது, வாய் வழியே திரும்பும். மெக்லிசின் என்றால் ஒரு மணி நேரம் முன்பு, சின்னரிசின் என்றால் இரண்டு மணி நேரம் முன்பு. அதிகம் தூக்கம் தராத ஒவ்வாமை மாத்திரைகளான செட்டிரிசின் வகை இதற்கு உதவாது. மூளைக்குள் அதிகம் போகாததால்தான் அவை அதிகம் தூக்கம் தருவதில்லை. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டையைக் குறைந்தது 4 மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும், 3 நாள் தாங்கும். அதை வெட்டக் கூடாது. ஒட்டிய கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்த்தால் அந்தக் கண்ணின் பாவை மட்டும் விரிந்து பயமுறுத்தும். கண் அழுத்தம், சிறுநீர் அடைப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். இஞ்சி பற்றிய சோதனை முடிவுகள் இரு பக்கமும் சாய்கின்றன, தின்றால் கெடுதல் இல்லை. மணிக்கட்டுப் பட்டையும் தொப்புளில் ஒட்டும் பிளாஸ்திரியும் நம்பிக்கைக்கு மட்டுமே மருந்து. காதுக் கற்களுக்குத் தொப்புளில் என்ன வேலை?

குமட்டல் எட்டிப் பார்த்தால் கைப்பேசியைக் கீழே வையுங்கள். நடுப்பகுதியில் திறந்த தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பாருங்கள்; முடியாவிட்டால் தலையை அசைக்காமல் கண்ணை மூடிப் படுங்கள். கண்ணைத் திறந்தபடி அறைக்குள் உட்கார்ந்திருப்பதுதான் ஆக மோசம்: அறை அசையவில்லை என்று கண் சாட்சி சொல்ல, காது மறுத்துக்கொண்டே இருக்கும். பெரும்பாலானோருக்கு 2, 3 நாளில் மூளை பழகிவிடும். கடல் அமைதியாக இருக்கும்போதே வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வந்தால் அது அலை இல்லை, வயிற்றைத் தாக்கும் தொற்றுக் கிருமியான நோரோவைரஸாக இருக்கலாம். கப்பலின் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆல்கஹால் கைதெளிப்பான் அதற்குச் சரிவராது. சோப்பும் தண்ணீரும் 20 நொடியும் வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. பெரிய பெட்டியைத் துறைமுகத்தில் வாங்கிக்கொண்டு பல மணி நேரம் கழித்துத்தான் அறைக்கு அனுப்புவார்கள். மாத்திரையும் கடவுச்சீட்டும் கைப்பையில் இருக்கட்டும். கரை மறைவதற்குள் கைப்பேசியை விமான நிலைக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் கப்பலின் செயற்கைக்கோள் அலைவரிசையில் தானே இணைந்து கட்டணத்தை ஏற்றிவிடும். மின்னெழுச்சிப் பாதுகாப்பு வைத்த நீட்டிப்புப் பலகையைப் பறிமுதல் செய்வார்கள், கோபப்படாதீர்கள்: பல கப்பல்களில் வீட்டைப் போல ஒரு கம்பி நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்காது, இரண்டிலுமே மின்னழுத்தம் இருக்கும், அந்த அமைப்பில் இந்தப் பலகை சூடேறித் தீப்பிடிக்கலாம். அவசரகாலப் பயிற்சிக்குச் சோம்பாமல் போங்கள். கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் 2012 ஜனவரி 13-இல் பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்றுதான் ஏறிய பயணிகளுக்கு அந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. புறப்படும் முன்போ புறப்பட்டவுடனோ நடத்த வேண்டும் என்று பிறகு விதி மாறியது. ஏழு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல்: கேட்டால் உங்கள் கூடுமிடத்துக்குப் போக வேண்டும்.

ஊர் திரும்பிய பின் தரை ஆடினால் பதற வேண்டாம். கப்பலின் ஆட்டத்தை முன்கூட்டிக் கணிக்கப் பழகிய மூளை, அந்தக் கணக்கை அழிக்க ஓரிரு நாள் எடுத்துக்கொள்கிறது. விநோதமாக, காரில் போகும்போது நின்றுவிடும், இறங்கினால் மறுபடி தொடங்கும். ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அதுவரை, குளிக்கும்போது சோப்பு நுரைக்காகக் கண்ணை மூடும் அந்த நேரத்தில் மட்டும் ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொள்ளுங்கள்.