ஒரு உருட்டலுக்கு 5 சதவீதம், ஒரு சண்டைக்கு 56

புள்ளியியல் பாடம் நடத்துகிறேன், டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம்களும் ஆடுகிறேன் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு). இந்த இரண்டும் தெரிந்த நண்பர்கள், சொந்தமாக எழுதிய விதிகளைச் சரிபார்த்துத் தரச் சொல்லி அனுப்புவார்கள். போன வாரம் வந்த தாளிலும், டி20 என்கிற இருபதுமுகப் பகடைக்கு, அதே விதி: "தாக்கும்போது 1 விழுந்தால் வாள் கை நழுவிவிடும்." பக்கத்திலேயே ஒரு குறிப்பு: "5 சதவீதம்தானே, எப்போதாவதுதான் வரும்." ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி ஓய்ந்துவிட்டேன். இனி எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எப்போதாவது வராது, அடிக்கடி வரும். அதுவும் யாருக்கு வரக் கூடாதோ அவருக்கே வரும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பையே எடுத்துக்கொள்வோம். அதில் ஃபைட்டர், அதாவது வாள் பிடித்துச் சண்டை போடும் பாத்திரம், முதல் லெவலில் ஒரு டர்னுக்கு (சண்டையில் அவர் ஆட வேண்டிய நேரம்) ஒரு முறை தாக்குவார். ஐந்தாம் லெவலில் இரண்டு முறை, பதினொன்றில் மூன்று, இருபதில் நான்கு. ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு டி20 உருள வேண்டும். நான்கு ரவுண்டு சண்டை, அதாவது ஆளுக்கு நான்கு டர்ன், என்றால் புதியவர் நான்கு முறை உருட்டுகிறார், கைதேர்ந்தவர் பதினாறு முறை. அந்தச் சண்டையில் புதியவர் ஒரு தடவையாவது வாளைத் தவறவிடும் வாய்ப்பு 18.5 சதவீதம். கைதேர்ந்தவருக்கு 56. நாட்டிலேயே பெரிய வாள்வீரர் பாதிக்கு மேற்பட்ட சண்டைகளில் குனிந்து வாளைப் பொறுக்கிக்கொண்டிருப்பார்! பக்கத்தில் நிற்கும் மந்திரவாதி (விஸார்ட்) ஃபயர்பால் என்கிற நெருப்பு மந்திரத்தை வீசினால், தாக்குவதற்கென்று அவர் பகடையே உருட்டுவதில்லை. எதிரிகள்தான் அதிலிருந்து தப்பப் பகடை உருட்டுகிறார்கள் (சேவிங் த்ரோ). உங்கள் விதி அவரைத் தொடவே தொடாது. திறமை ஏற ஏறத் தண்டனையும் ஏறுகிறது, அதுவும் வாள் பிடித்தவருக்கு மட்டும். வேண்டுமென்று யாரும் இப்படி எழுதுவதில்லை, எண்ணிப் பார்க்காமல் எழுதிவிடுகிறார்கள். 2014-இல் வந்த மூல விதியில் 1 விழுந்தால் அந்தத் தாக்குதல் தவறும், அவ்வளவுதான்.

இதைச் சொன்னதும் சிலர் எதிர்ப்பக்கம் சாய்கிறார்கள். "சரி, நான்கு முறைக்கு 20 சதவீதம், அப்படியானால் இருபது முறைக்கு 100." தயவுசெய்து கூட்டாதீர்கள். இருபது முறை உருட்டியும் ஒரு 1 கூட விழாமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 36 சதவீதம். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். கணக்கு மிக எளிது: நடக்காத வாய்ப்பை (இங்கே 0.95) எடுத்துக்கொண்டு, எத்தனை முறை உருட்டுகிறோமோ அத்தனை தடவை அதையே எழுதி ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். வந்ததை 1-இலிருந்து கழிக்க வேண்டும். செல்போனில் உள்ள கால்குலேட்டர் போதும். 1654-இல் பிரெஞ்சுக் கணித மேதைகள் பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. ஒரு ஆறுமுகப் பகடையை நான்கு முறை உருட்டினால் ஒரு தடவையாவது 6 விழும் வாய்ப்பு 51.8 சதவீதம். அப்படியானால் இரண்டு பகடையை 24 முறை உருட்டினால் இரட்டை ஆறும் அதே அளவு விழ வேண்டாமா என்பது சூதாட்டப் பிரியரான ஷெவாலியே த மேரே எழுப்பிய சந்தேகம். விழாது, 49.1 சதவீதம்தான். பாதிக்கு மேலிருந்து பாதிக்குக் கீழே இறங்கிவிடுகிறது.

"இவ்வளவு நேரம் 20 விழவில்லை, அடுத்தது கண்டிப்பாக 20" என்பதும் இதே குழப்பத்தின் இன்னொரு முகம். அடுத்த உருட்டலிலும் அதே 5 சதவீதம்தான். பகடைமேல் சந்தேகம் வந்தால் உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கிறார்கள். அதற்குப் பதில், உருட்டி விழும் எண்களை எழுதிவையுங்கள். எல்லா முகமும் சமமாக விழுகிறதா என்று பார்க்கும் கை-வர்க்க (chi-square) சோதனைக்கு முகத்துக்கு ஐந்து என்று வைத்தாலும் டி20-க்குக் குறைந்தது 100 உருட்டல் வேண்டும், அதிலும் பெரிய கோணல் மட்டுமே பிடிபடும். ஒரு சாயங்காலம் மூன்று முறை 1 விழுந்ததை வைத்துக்கொண்டு பகடையைக் குப்பையில் போடாதீர்கள்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது பதுங்கிப் போகும் காட்சி. ஐந்து பேர் காவலர்களைத் தாண்டிப் போக வேண்டும். ஒவ்வொருவருக்கும் 70 சதவீத வாய்ப்பு, கேட்க நன்றாகவே இருக்கிறது. "எல்லாரும் ஸ்டெல்த் உருட்டுங்கள், ஒருவர் தவறினாலும் காவலர் பார்த்துவிடுவார்" என்கிறார் ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர். ஐந்து பேரும் தப்பும் வாய்ப்பு 16.8 சதவீதம். வாசலில் ஒரு முறை, மாடிப்படியில் இன்னொரு முறை என்று உருட்டச் சொன்னால் 3 சதவீதத்துக்கும் கீழே. அப்புறம் அந்தக் குழு பதுங்குவதையே விட்டுவிடுகிறது, பார்த்த இடத்தில் வாளை உருவுகிறது. "இவர்களுக்கு யோசித்து ஆடவே தெரியவில்லை" என்று கேம் மாஸ்டர் என்னிடம் குறைபடுகிறார். அவர்கள் யோசித்துத்தான் ஆடுகிறார்கள். அந்த வழி பலிக்காது என்று நாலு சண்டையில் தெரிந்துகொண்டார்கள். ஐந்தாம் பதிப்பில் இதற்கென்றே குரூப் செக் இருக்கிறது: பாதிப் பேராவது ஜெயித்தால் குழு ஜெயித்தது. அதே ஐந்து பேர், அதே 70. வாய்ப்பு 83.7 சதவீதம்.

தேடும்போது கணக்கு தலைகீழாகும். ரகசியக் கதவைக் கண்டுபிடிக்க ஒருவருக்கு 30 சதவீதம்தான் என்று கஷ்டமாக வைத்திருப்பீர்கள். ஐந்து பேரும் உருட்டினால் யாராவது ஒருவர் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 83 சதவீதம். அது ரகசியக் கதவே இல்லை.

எத்தனை முறை என்பதைப் போலவே எத்தனை பகடை என்பதையும் பாருங்கள். தாயம் ஆடியவர்களுக்கு இது கைப்பழக்கத்திலேயே தெரியும். கட்டைகள் சரியாக வார்க்கப்பட்டிருந்தால் இரண்டு கட்டைக்கும் சேர்த்து 16 விதமாக விழலாம். அதில் 3 நான்கு விதத்தில் வரும், தாயம் இரண்டு விதத்தில், 12 ஒரே ஒரு விதத்தில். டி20 அப்படியில்லை, அதில் எல்லா எண்ணும் சமம். ஆகவே அதில் விழுந்த எண்ணோடு 2 கூட்டிக்கொள்ளும் +2 என்றால் எப்போதும் 10 சதவீதம் கூடும். அந்த +2-ஐ அப்படியே தூக்கி மூன்று ஆறுமுகப் பகடை உருட்டும் விளையாட்டில் போடுகிறார்கள். 11 அல்லது அதற்கு மேல் வேண்டிய இடத்தில் வாய்ப்பு 50-இலிருந்து 74-க்குப் பாய்கிறது. 16 வேண்டிய இடத்தில் 4.6-இலிருந்து 16-க்கு. ஒரே +2, இரண்டு வேறு பரிசு. அட்வான்டேஜும் அப்படித்தான். இரண்டு டி20-இல் பெரியதை எடுத்துக்கொள்வது +5-க்குச் சமம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். 11 வேண்டுமென்றால் உண்மை, 50 சதவீதம் 75 ஆகும். 20-தான் வேண்டுமென்றால் 5 சதவீதம் 9.75 ஆகும், +1-க்குக்கூட எட்டவில்லை.

எனவே சில வேண்டுகோள்கள். வாள் நழுவும் விதி வேண்டும் என்றே தோன்றினால், டர்னின் முதல் தாக்குதலுக்கு மட்டும் வையுங்கள். அப்போது புதியவருக்கும் கைதேர்ந்தவருக்கும் டர்னுக்கு ஒரே 5 சதவீதம். தோற்றால் ஒன்றும் ஆகாது என்கிற இடத்தில் உருட்டச் சொல்லாதீர்கள். ஒருமுறை பதுங்கி ஜெயித்துவிட்டால் அந்த வெற்றி கட்டடத்தைத் தாண்டும்வரை செல்லட்டும். முதன்முதலாக ஆட வந்தவரின் கையிலிருந்து வாளைப் பிடுங்கும் விதியை அன்றைக்கு மட்டுமாவது ஒதுக்கிவையுங்கள், அவர் அடுத்த வாரமும் வர வேண்டும்.

எனக்கு அனுப்புகிறவர்கள் ஒவ்வொரு விதிக்குப் பக்கத்திலும் ஓர் எண்ணைக் குறித்து அனுப்புங்கள்: ஒரு மாலையில் இந்த உருட்டல் எத்தனை முறை நடக்கும், மேசையில் உள்ள எல்லாருக்கும் சேர்த்து. அதைக் குறிக்கும்போதே பாதி விதிகளை நீங்களே அடித்துவிடுவீர்கள். மிச்சத்தை நான் பார்க்கிறேன்.